மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு பெட்டியடி

பிப்ரவரி 8, 2025, சனிக்கிழமை

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டின் முகப்பில், சுதைக் கஜலட்சுமிக்குக் கீழே, ‘விபவ வருஷம் 1928’ என்று எழுதியிருக்கிறது. இன்னும் மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கு நூறு வயது ஆகிறது. சென்ற பொங்கலுக்குக் கூடிய பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுவதென்று முடிவு செய்து, வீட்டு வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். பெண் மக்களுக்கு அந்த வீட்டில் பங்கு கிடையாது. பங்குக்குரிய குடும்பங்களை எண்ணும் புள்ளிக் கணக்கு ஆண் மக்களோடு நின்றுவிடுகிறது. ஆனாலும் பழைய காகிதங்களை உட்கார்ந்து படிக்கும் பொறுமை எனக்கே இருக்கிறது என்று எல்லோரும் ஒருமித்துச் சொன்னபோது மனம் நிறைந்துதான் போனது.

பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கு யாரும் கப்பலேற வேண்டியதில்லை. செட்டிநாட்டைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்கே அவையெல்லாம் இப்போது மனப்பாடம். அவற்றை வாங்கிய பணம் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் விடை ஒரே வரிதான்: “பாட்டையா (கொள்ளுத் தாத்தா) சிங்கப்பூருக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார்.” அப்பச்சியும் (எங்கள் அப்பா) அவ்வளவுதான் சொல்வார்கள், அப்பத்தாவும் அவ்வளவுதான் சொல்வார்கள். உள்வீட்டு இரும்புப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்த பாட்டையாவின் கடிதங்கள் 41 என் கைக்கு வந்த பிறகுதான், அந்த ஒரு வரிக்குள் எத்தனை வருஷங்கள் அடங்கிக் கிடக்கின்றன என்று புரிந்தது. ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் ‘சிவமயம்’, அதற்குக் கீழே ‘சிங்கப்பூர், மார்க்கெட் ஸ்ட்ரீட், கிட்டங்கி’ என்று எழுதியிருந்தது. மகள் சிங்கப்பூரில் செங்காங்கில் குடியிருக்கிறாள். தைப்பூசத்தையும் சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கடிதங்களின் நகல்களை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்தேன்.

நேற்றிரவு வந்து இறங்கியவள், இன்று காலை முதல் வேலையாக ரயிலேறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கினேன். மேலே வந்தவுடன் முகத்தில் அறைந்தது வெயில். அதைவிட என்னைத் திகைக்க வைத்தது அங்கிருந்த அமைதி. வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த பகுதி என்பதால் சனிக்கிழமையில் மனித நடமாட்டமே இல்லை. கைப்பேசி காட்டிய வழியில் நடந்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து, தலையை முழுவதும் பின்னால் சாய்த்தாலும் உச்சி தெரியாத ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் அடியில் நின்றேன். கேபிட்டாஸ்பிரிங் என்று பெயர். 51 மாடிகள், 280 மீட்டர் உயரம். 2021இல் கட்டி முடித்தது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் 1984 முதல் 2017 வரை கோல்டன் ஷூ என்ற பல மாடிக் கார் நிறுத்துமிடம் இருந்தது. எங்கள் பாட்டையாவின் தெரு அதற்கும் முந்தியது.

கிட்டங்கி என்றால் என்ன என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். அது நீளவாக்கில் அமைந்த ஒரு கடைவீடு. இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டியும் வரிசையாகச் சாய்ந்த மூடி போட்ட மரப்பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு விலாசம், அதாவது ஒரு வட்டிக்கடை. பெட்டிக்குப் பின்னால் தரையில் பாய் விரித்து மேலாள் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். சமையல்காரர் பொது, குளியலறையும் பொது. பகலில் கடையாக இருக்கும் இடமே இரவில் படுக்கும் இடமாகிவிடும். குடும்பத்தை அழைத்து வருவது வழக்கமில்லை. ஊரில் சம்பளச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, மூன்று வருஷக் கணக்குக்கு வருவார்கள். கணக்கு முடிந்ததும் ஊருக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு மறுபடியும் கப்பலேறுவார்கள். பாட்டையா 14 வயதில் வேறொருவர் கடைக்குப் பெட்டியடிப் பையனாக வந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பிறகுதான் சொந்த விலாசம் போட்டார்கள். அந்த விலாசத்தின் எழுத்துகளை, அதாவது கடைப் பெயரின் முதலெழுத்துகளை, இங்கே நான் எழுதவில்லை. பங்காளிகள் பலர் இருக்கிறார்கள்.

ஒரு கடிதத்தில் பாட்டையா தம் மனைவிக்கு எழுதுகிறார்கள்: “நமது இடம் நீளத்தில் ஆறு அடி, அகலத்தில் நாலரை அடி. பெட்டி வைத்தது போக மிச்சத்தில் பாய் விரிக்கலாம். காலை நீட்டினால் அடுத்த கடைக்காரர் தலையணையில் படுகிறது. ஆகையால் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுகிறேன். இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.” ஊரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிறது.

அந்த இடத்தைக் காட்டும் அடையாளம் ஏதேனும் கண்ணில் படுமா என்று இரண்டு முறை தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வரவே, ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்துவிட்டேன். காவலுக்கு நின்றிருந்த தம்பி உள்ளே போய் ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தார். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருகிறவராம். “சனிக்கிழமையில இங்க யாரும் வர மாட்டாங்கம்மா, சாப்பாட்டுக் கடைகூட பாதி பூட்டிக் கிடக்கும். திங்கள் மத்தியானம் வாங்க, நிக்க இடம் இருக்காது” என்றார். எதற்காக வந்தேன் என்று கேட்டார், சொன்னேன். அவருடைய தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த நகலை வாங்கி, கடிதத்தின் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை

காலையில் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போனேன். இந்த ஊர்ப் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, சொல்லைக் கொடுத்துத் தேடும்படி கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. நம் பெயர்களை அந்தக் காலத்து அச்சுக்கோப்பவர்கள் மனம் போனபடி எழுத்துக்கூட்டியிருப்பதால், எப்படித் தேடியும் பாட்டையாவின் பெயர் அகப்படவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப்பெண் நான் திணறுவதைக் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பெயரை விட்டுவிட்டு விலாசத்தின் எழுத்துகளை மட்டும் போட்டுத் தேடலாம் என்றாள். மூன்றாவது முயற்சியில் வந்தது.

1932ஆம் ஆண்டின் ஏல அறிவிப்பு அது. அடமானம் பிடித்தவரின் உத்தரவின்பேரில், கேலாங்கில் உள்ள இரண்டு வீடுகள் நிலத்தோடு ஏலம் விடப்படும் என்று எட்டு வரி. அடமானம் பிடித்தவர் என்ற இடத்தில் எங்கள் விலாசம்.

என் கையில் இருந்த 27ஆவது கடிதம் அதற்குச் சில வாரங்கள் கழித்து எழுதப்பட்டது. ஏலக்காய் விலைக்கும் பெரிய அப்பத்தாவின் காதுகுத்துச் செலவுக்கும் நடுவில் அதில் ஒரு வரி வருகிறது: “கேலாங்கில் இரண்டு வீடு நம் கைக்கு வந்தது.” நான் அதை ஊரில் பத்து முறையாவது படித்திருப்பேன். பாட்டையா சிங்கப்பூரில் இரண்டு வீடு வாங்கினார்கள் என்று எங்கள் குடும்பத்தில் சொல்லிவரும் பெருமைப் பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்று அடிக்கோடுகூடப் போட்டு வைத்தேன். அவர்கள் எழுதியது ‘வாங்கினேன்’ என்பதல்ல, ‘கைக்கு வந்தது’ என்பது. அந்த வேறுபாட்டைப் பாட்டையா மறைக்கவில்லை. நாங்கள்தான் அதைப் படிக்காமல் விட்டுவிட்டோம்.

காலத்தையும் சொல்ல வேண்டும். 1929இல் உலகச் சந்தை சரிந்ததும் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. தோட்டக்காரரிடமும் சிறு வணிகரிடமும் அரசாங்கக் குமாஸ்தாவிடமும் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தவர்கள் நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வாங்கியவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. கொடுத்த பணமும் முழுக்கத் தம்முடையதில்லை; ஊரில் பலர் கோயில் பணத்தையும் சீதனப் பணத்தையும் நம்பிக்கையின் பேரில் போட்டு வைத்திருந்தார்கள். பிரமோதூத வருஷம் தை மாதம், அதாவது 1931இன் தொடக்கத்தில், பாட்டையா எழுதியிருக்கிறார்கள்: “வாங்கினவனிடத்தில் கொடுக்க இல்லை. நம்மிடத்தில் போட்டவர்கள் கேட்காமல் இருப்பார்களா? இரவில் தூக்கம் இல்லை.” அடமானம் பிடித்த வீடுகளும் தோட்டங்களும் இப்படித்தான் நம்மவர் கைக்கு வந்து சேர்ந்தன. லேவாதேவிக்காரர்கள் நிலக்காரர்களாக மாறினார்கள். கேலாங் வாடகையைக் கொண்டுதான் 1934இல் எங்கள் வீட்டுக்கு மெத்தை, அதாவது மாடி, எடுத்தார்கள். சின்ன வயதில் கோடை விடுமுறையெல்லாம் நான் படுத்துத் தூங்கியது அந்த மெத்தையின் கிழக்கு அறையில்தான்.

நூலகத்திலிருந்து வெளியே வந்தபோது பசி தெரியவில்லை. கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்கு நடந்தே போனேன். 2015இல் திறந்த கட்டடம், உள்ளே நல்ல குளிர். அங்கே ஒரு செட்டிநாட்டு வாசல்நிலையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விரல் நுனியளவு உருவங்கள் மரத்தின் மேல் மொய்த்துக் கிடக்கின்றன. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதன் வேலைப்பாட்டைப் புகழ்ந்துகொண்டே நகர்ந்தார்கள். எனக்கோ, அதன் அடிப்படி தேய்ந்திருக்கிறதா, மஞ்சள் பூசிய தடம் இருக்கிறதா, எந்த வீட்டுப் பெண்கள் அதைத் தாண்டிப் போய் வந்திருப்பார்கள் என்பதிலேயே மனம் நின்றது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்து எடுத்த நிலைகளும் தூண்களும் சுவரில் சாத்தி விற்பனைக்கு வைக்கப்பட்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீடு இல்லாத வாசல் எங்கே நின்றாலும் எனக்கு ஒரே வருத்தம்தான்.

மாலையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் இரண்டு தோசைக்கு நாலு வெள்ளி, தேநீருக்கு ஒன்று அறுபது கொடுத்தேன். நம் பணத்துக்கு ஏறக்குறைய 360 ரூபாய். மேசை ஒன்றும் காலியாக இல்லாததால், எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் தம் எதிரில் இருந்த இடத்தைக் காட்டி உட்காரச் சொன்னார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருந்தாலும் ஞாயிறு மாலைத் தேநீர் தேக்காவில்தானாம். எந்த ஊர், என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். நான் கிட்டங்கி என்ற சொல்லைச் சொன்னவுடன் அவருடைய முகம் சற்று மாறியது. அதுவரை “அம்மா” என்று பேசிக்கொண்டிருந்தவர், “அப்ப நீங்க ஆச்சியா” என்றார். செட்டிநாட்டுப் பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

அவருடைய தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, இந்தச் சிராங்கூன் ரோட்டு வட்டாரத்திலேயே எருமை கட்டிப் பால் ஊற்றியவர். பக்கத்தில் இருக்கும் கெர்பாவ் ரோட்டில் உள்ள ‘கெர்பாவ்’ என்ற மலாய்ச் சொல்லுக்கே எருமை என்றுதான் பொருள். மாடு வாங்கச் செட்டியாரிடம் கடன் வாங்கி, கடைவீட்டின் பத்திரத்தை அடமானம் வைத்தார். பிறகு நகராட்சி, மாட்டுக் கொட்டகைகளை இந்தப் பகுதியிலிருந்து அகற்றச் சொன்னது, பால் வியாபாரம் நொடித்தது, வீடு போய்விட்டது. ஒன்பது பேர் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்களாம். “தாத்தா செட்டியார குத்தம் சொல்லி நான் கேட்டதில்ல ஆச்சி. எழுதிக் கொடுத்தது நம்ம கைதானன்னு சொல்வாரு. பாட்டிதான் அந்தத் தெரு வழியா நடக்க மாட்டாங்க. சுத்தித்தான் போவாங்க” என்றார். அந்த வீடு இன்னும் நிற்கிறது என்றும், கீழே இப்போது கைப்பேசிக் கடை இருக்கிறது என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. என் தேநீருக்கும் தாமே காசு கொடுப்பதாக எழுந்தார். கொடுத்தாயிற்று என்று சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

பத்திரம் எந்த விலாசத்திடம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பையில் அந்த ஏல அறிவிப்பின் நகல் இருந்தது. கேட்கப் பயந்து, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கட்கிழமை

இன்று செட்டிப் பூசம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலையில் டேங்க் ரோட்டுத் தெண்டாயுதபாணி வெள்ளித் தேரில் புறப்பட்டு, கியோங் சைக் ரோட்டில் இருக்கும் தம் அண்ணன் லயன் சித்தி விநாயகரைப் பார்க்கப் போவார். பகல் முழுவதும் அங்கே இருந்துவிட்டு, மாலையில் நகரத்தார் காவடிகளோடு திரும்புவார். நான் மாலைத் தேரைப் பார்ப்பதென்று வைத்துக்கொண்டு, காவல்காரத் தம்பி சொன்னபடி மதியத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன்.

அவர் சொன்னது சரிதான். சனிக்கிழமை பாழடைந்தது போலக் கிடந்த தெருவில் இன்று தோளோடு தோள் இடித்தது. அந்த உயரக் கட்டடத்தின் இரண்டாம் மூன்றாம் தளங்களில் 56 கடைகள் கொண்ட உணவங்காடி இருக்கிறது. விரத நாள் என்பதால் சைவக் கடையாகத் தேடி, நாலரை வெள்ளிக்குப் பீஹூனும் அவித்த கீரையும் வாங்கினேன். காலியாக இருந்த ஒரு மேசையில் உட்காரப் போனபோது, அதன் மேல் கைக்குட்டைத் தாள் பொட்டலம் ஒன்று மட்டும் இருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் ஒரு சீனப் பெண் தட்டோடு வந்து நின்றாள். இந்த ஊரில் பொட்டலம் வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று பொருளாம். எழுந்திருக்கப் போன என்னைக் கையமர்த்தி உட்கார வைத்துவிட்டு, தானும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். எனக்கு அவளிடம் பேச மொழி போதவில்லை. புறப்படும்போது தலையசைத்துவிட்டு, அந்தப் பொட்டலத்தை எனக்காக விட்டுச் சென்றாள்.

கட்டடத்தின் 17ஆம் தளத்திலிருந்து 20ஆம் தளம் வரை ஒரு தோட்டம் வைத்திருக்கிறார்கள். வேலை நாள்களில் பொதுமக்கள் போகலாம். ஏறிப் பார்க்கலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழையில் மேலே விடுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உணவங்காடியிலேயே உட்கார்ந்து, கடிதங்களை மீண்டும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு மேல் மழை விட்டதும் மேலே அனுப்பினார்கள். சுற்றிச் சுற்றி ஏறும் நடைபாதை, இருபக்கமும் ஈரம் சொட்டும் இலைகள், திறந்த வெளி. விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது மார்க்கெட் ஸ்ட்ரீட் ஒரு வாய்க்கால் போலத் தெரிந்தது. இருபுறமும் கட்டடங்கள் நெருக்கிக்கொண்டிருப்பதால் தெருவின் தரையில் ஒரு கோடு அளவுக்குத்தான் வெயில் விழுந்தது. பாட்டையாவின் காலத்தில் இரண்டு மூன்று மாடிக் கடைவீடுகள் இருந்த தெரு இது. 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காகக் கிட்டங்கிகளை எடுத்துக்கொள்ளும் வரை நம் ஆட்கள் இங்கே பெட்டி வைத்திருந்தார்கள்.

மனை முகூர்த்தத்திலிருந்து குடிபுகுதல் வரை எங்கள் வீடு எழுந்த காலம் முழுவதும் பாட்டையா இந்தத் தெருவில்தான் இருந்தார்கள். வேலையை நின்று நடத்தியது அவர்கள் மனைவி. கொத்தனார் கணக்கு, மரம் வந்த கணக்கு, வண்டிக் கூலி எல்லாம் கடிதத்தில் போகும். பதில் வருவதற்குக் கப்பல் நாகப்பட்டினத்தைத் தொட வேண்டும். 1928இல் குடிபுகுந்தபோதும் பாட்டையா இங்கேதான். அந்த மாதத்துக் கடிதம் ஒன்றின் கடைசியில், மற்றெல்லா வரிகளையும்விடச் சற்றுப் பெரிய எழுத்தில், “வளவில் வெய்யில் எந்த நேரத்தில் இறங்குகிறது, எந்தத் தூண் வரையில் வருகிறது என்று எழுதவும்” என்று கேட்டிருக்கிறார்கள். வளவு என்பது தூண்கள் சூழ்ந்த உள்முற்றம். அதன் பத்துத் தூண்கள் ஒவ்வொன்றுக்கும் மரத்தின் சுற்றளவையும் விலையையும் எழுத்துப் பிசகாமல் அறிந்தவர்கள். வெயிலை மட்டும் பார்த்ததில்லை. அதற்கு என்ன பதில் போயிற்று என்பதற்குக் காகிதம் இல்லை. எனக்குத் தெரியும்: தை மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் இறங்கி, மேற்கு வரிசையின் இரண்டாவது தூணின் அடிக்கல்லைத் தொடும். அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அப்பத்தா தலை உலர்த்துவார்கள். 17ஆம் மாடியின் ஈரக் காற்றில் நின்றுகொண்டு நான் அந்தப் பதிலை வாய்விட்டே சொன்னேன்.

கீழே இறங்கி வெகுதூரம் வந்த பிறகுதான் குடையை மறந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால், வைத்த இடத்திலேயே மேசை மேல் இருந்தது. யாரோ இடம் பிடித்திருக்கிறார்கள் என்று அத்தனை கூட்டத்திலும் அந்த மேசையில் ஒருவரும் உட்காரவில்லை.

மாலையில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் நின்று தேரைப் பார்த்தேன். மழையில் கழுவிய தார்ச்சாலையில் வெள்ளித் தேரின் விளக்குகள் தலைகீழாகத் தெரிந்தன. வேட்டியும் திருநீறுமாக இளைஞர்கள், மயிற்பீலி கட்டிய மரக்காவடிகள். பக்கத்தில் நின்ற ஒரு முதிய அண்ணன், கிட்டங்கிகள் இருந்த காலத்தில் தேர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கும் வரும் என்றும், பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்கள் என்றும் சொன்னார். வருஷத்தில் அந்த ஒரு மாலைதான் கடைக்குள் கணக்குப் பேச்சு இருக்காதாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை

தைப்பூசம். இங்கே 1968 முதல் இது பொது விடுமுறை இல்லை. மகள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோட்டுக்குக் காவடிகளும் பால்குடங்களும் வந்துகொண்டே இருந்தன. தமிழர்களுக்கு நடுவில் சீனர்களும் பால்குடம் சுமந்து வந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் மேல் ஒருவர் இடித்தாலும் “மன்னிச்சிக்குங்க” என்ற சொல் உடனே வந்தது.

1859இல் நகரத்தார் எழுப்பிய கோயில் இது. அதற்கு முன்பு அரச மரத்தடியில் முருகனின் வேல் ஒன்றை நட்டு வணங்கினார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1983இல் புதிதாகக் கட்டியது. 2014இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். மண்டபக் கூரையில் தெய்வ உருவங்கள் பொறித்த 48 கண்ணாடிப் பலகைகளை, உதயத்திலும் அந்தியிலும் வெயில் பிடிக்கும்படி சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். வளவில் இறங்கும் வெயிலைப் பற்றிக் கேட்ட மனிதர் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள் என்று தோன்றியது. பாட்டையா தம் முதல் வருஷ வருமானத்திலிருந்து மகமை, அதாவது கோயிலுக்கென ஒதுக்கும் பங்கு, கொடுத்த கோயில் இது என்று கடிதத்தில் இருக்கிறது. அன்னதான வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, சாம்பார் சாதமும் பொரியலும் பாயசமும் சாப்பிட்டோம். பரிமாறிய பையனுக்குத் தமிழ் சரளமாக வரவில்லை. இருந்தாலும் “ஆச்சி, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா” என்று அழகாகக் கேட்டான்.

இரவு ஊரிலிருந்து என் ஒன்றுவிட்ட தம்பி கூப்பிட்டான். மலருக்கு அவன்தான் பொறுப்பு. கிட்டங்கியின் பழைய படம் ஏதும் கிடைத்ததா என்று கேட்டான். நான் ஏல அறிவிப்பைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, “அதெல்லாம் மலர்ல வேண்டாம் ஆச்சி, பிள்ளைங்க படிக்கப் போறது” என்றான். பிள்ளைகள் படிக்கப் போவதால்தான் எழுதுகிறேன் என்றேன். மெத்தையின் கதையைச் சொல்லும்போது கேலாங்கை விட்டுவிட்டால், பாட்டையா தூக்கமில்லாமல் கிடந்த இரவுகளையும் சேர்த்தே விட்டுவிடுகிறோம். தேக்குக்கு மட்டும் வரலாறு எழுதினால் அது மரக்கடைப் பட்டியலாகத்தான் இருக்கும் என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அதற்கு அவன் மறுத்துப் பேசவில்லை. தேக்காவில் சந்தித்தவர் சொன்னதையும் சொன்னேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி என்னைச் சுட்டது: “அவங்க வீட்டுப் பத்திரம் யாரு விலாசத்துல இருந்துச்சுன்னு கேட்டீங்களா ஆச்சி?”

பிப்ரவரி 12, புதன்கிழமை

இரவு விமானம். காலையில் மகளிடம் சொல்லிவிட்டுத் தனியே தேக்காவுக்குப் போனேன். அதே மேசையில் வேறு இரண்டு பேர் அமர்ந்து பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர்க் கடைத் தம்பியிடம் அந்த அண்ணனின் அடையாளத்தைச் சொன்னேன். ஈசூன்காரர், சர்க்கரை குறைவாகக் கேட்பவர் என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டுந்தான் வருவாராம். தொலைபேசி எண் கடைக்காரரிடம் இல்லை.

கெர்பாவ் ரோட்டிலும் அதைச் சுற்றிய தெருக்களிலும் ஒரு சுற்று நடந்தேன். கீழே கைப்பேசிக் கடை இருக்கும் கடைவீடுகள் நாலைந்து இருந்தன. மேல்மாடிச் சன்னல்களுக்கு ஒன்றில் பச்சை, ஒன்றில் நீலம் பூசியிருந்தார்கள். எது அவர்களுடையது என்று யாரைப் போய்க் கேட்பது? ஒவ்வொன்றின் முன்னும் சற்று நின்றுவிட்டு வந்தேன்.

மீண்டும் கடைக்கு வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் பெயரையும் ஊர் எண்ணையும் எழுதினேன். அதற்குக் கீழே எங்கள் விலாசத்தின் எழுத்துகளைத் தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் எழுதி, ‘உங்கள் தாத்தாவின் பத்திரத்தில் இந்த எழுத்துகள் இருந்தனவா என்று தயவுசெய்து தெரிவிக்கவும்’ என்று முடித்தேன். தேநீர்க் கடைத் தம்பி அதைப் படிக்காமலே நாலாக மடித்து, கெட்டிப்பால் டின்களுக்கு அடியில் செருகி வைத்தார். “ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துருவாரு, கண்டிப்பா கொடுத்துர்றேம்மா” என்றார்.